படத்தைச் சுற்றிப் பூ

1

ஒவ்வொரு பங்குனியிலும் மணப்பாறையிலிருந்து என் அண்ணன் ஒரு படம் அனுப்புவான். அப்பாவின் திதியன்று எடுத்த படம். அதை நான் திறப்பதில்லை. வரும் படங்கள் தானாக இறங்காதபடி கைபேசியில் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். அதனால் அது மங்கலாக, நடுவே கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறியோடு நிற்கும். ஓரங்களில் மஞ்சளாக ஏதோ தெரியும், நடுவில் வெள்ளையாக ஏதோ. "கும்பிட்டுக்கொண்டேன்" என்று பதில் போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். மூன்று வருடத்தில் மூன்று படங்கள் இப்படிச் சேர்ந்துவிட்டன. நாலாவது வந்த வாரத்தில்தான், நான் எழுதப்போகும் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

பதினோரு வருடமாக மலாய் நாட்டில், ஈஜோக்கில் இருக்கிறேன். கோலா சிலாங்கூருக்கும் ரவாங்குக்கும் நடுவில், செம்பனை மரங்களுக்கு இடையில் ஒரு சின்ன ஊர். கணவர் இங்கேயே பிறந்தவர், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. நான் கடைவீதியின் மூலைக் கடையில் நடக்கும் ஒரு தாடிகாவில் உதவி ஆசிரியை. பாலர் பள்ளியை இங்கே தாடிகா என்பார்கள். போன வருடம்தான் சேர்ந்தேன். ஊரில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள் இங்கே காகிதத்தில் முயல் காது வெட்டுகிறாள் என்று என் தோழிகள் சிரிக்கலாம். சிரியுங்கள். முயல் காது வெட்டுவது ஒன்றும் அவ்வளவு சுலபமில்லை.

2

எங்கள் தாடிகாவுக்கு ஒரு தலைமையகம் உண்டு. மாதத்துக்கு ஒரு தலைப்பு அனுப்பும், சுவரில் என்ன ஒட்ட வேண்டும், பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று படங்களோடு. இந்தப் பங்குனிக்கு வந்தது, வசந்த காலம்.

வசந்தம் இந்த நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இங்கே இரண்டே பருவங்கள்: மழை பெய்யும் நேரம், இனிமேல் பெய்யப்போகும் நேரம். பனி உருகி மொட்டு விடுவதை நான் பிள்ளைகளுக்கு விளக்கினேன். பனியை நானும் பார்த்ததில்லை. குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டைச் சுரண்டுவதை வைத்துச் சமாளித்தேன். ஒருவன், அப்படியானால் மரமெல்லாம் முன்னாடி செத்துப்போயிருந்ததா என்று கேட்டான். தூங்கிக்கொண்டிருந்தது என்றேன். அவன் நம்பவில்லை.

தலைமையகம் அனுப்பிய மாதிரியில் சுவர் முழுக்கப் பெரிய பூக்கள் இருந்தன. ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு பிள்ளையின் முகம். எங்களிடம் இருபத்திரண்டு பிள்ளைகள். கிரேப் காகிதத்தை விசிறிபோல மடித்து, நுனியை வளைத்து வெட்டி, அடியை முறுக்கினால் ஓர் இதழ். ஒரு பூவுக்கு முப்பது இதழ். இளஞ்சிவப்புக் காகிதம் கடையில் தீர்ந்துபோயிருந்தது. மஞ்சளும் காவியும்தான் கிடைத்தன. படத்துக்கு, பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் கொடுத்த பாஸ்போர்ட் அளவுப் படங்களையே பெரிதாக்கி அச்செடுத்தேன். பின்னால் நீலத் திரை, இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல், நேராகப் பார்க்கும் முகங்கள்.

அந்த இதழ் வட்டத்தை வெள்ளைப் பசையால் படத்தின் ஓரத்திலேயே ஒட்டினேன், விழாதபடி நன்றாக அழுத்தி. மூன்று நாள் வேலை. முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது பெருமையாக இருந்தது. செவ்வந்தி மாதிரியே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல் மனதில் வந்த பிறகும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

3

பாஸ்போர்ட் படங்களைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம். நான் இங்கே தங்குவதற்கான அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுப் படம். காது தெரியவில்லை என்று ஒருமுறை, பொட்டு பளபளக்கிறது என்று ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கணவர் விடுப்பு எடுத்து வந்து, இவள் என் மனைவிதான், இன்னும் என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு வெளியே வந்து, "பாத்தியா, இல்லன்னுகூட என்னால சொல்லியிருக்க முடியும்" என்று சிரிப்பார். அடுத்த முறையும் அதையே சொல்வார்.

அப்பா போனது கொரோனாவுக்காக எல்லைகள் மூடிக் கிடந்த காலத்தில். அப்போது நாட்டைவிட்டுப் போகவும் அனுமதி வேண்டும், திரும்பி வரவும் அனுமதி வேண்டும். இறப்பு என்றால் சலுகை உண்டு என்றார்கள். ஆனால் சான்றிதழ் வேண்டும். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் அண்ணன் கைக்கு வர ஒரு வாரம் ஆனது. அவரை எரித்தது மறுநாள். செத்ததற்குச் சான்று இருந்தால்தான் பார்க்கப் போகலாம், சான்று வருவதற்குள் பார்க்க ஒன்றும் இல்லை. சான்றிதழ் வந்த அன்று நான் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு எல்லைகள் திறந்தன, விமானங்கள் பறந்தன. அப்போதும் நான் போகவில்லை. மகளுக்குப் பள்ளி, அனுமதி முடியும் தேதி என்று ஏதாவது ஒரு சாக்கு. போனால் கூடத்தில் அந்தப் படம் மாலையோடு மாட்டியிருக்கும். போகாதவரை அவர் சைக்கிளில் எங்கேயோ போயிருக்கிறார், அவ்வளவுதான்.

நிலா அவரை "ஒங்க அப்பா" என்றுதான் சொல்வாள். தாத்தா என்றால் அவளுக்கு இங்கே இருக்கும் தாத்தா ஒருவர்தான். ஒருமுறை திருத்தினேன். தோளைக் குலுக்கிவிட்டு, இந்த ஊர் 'லா'வையும் சேர்த்து, "ஐ டோன்ட் நோ ஹிம் லா, அம்மா" என்றாள். உண்மைதானே.

4

பூக்கள் சுவர் ஏறிய மறுநாள் காலை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். துர்ஷினி என்று ஐந்து வயதுப் பெண். பக்கத்துத் தோட்டத்தில் வேலையாட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வருபவள், பேச்சு குறைவு. முழங்கால்வரை தொங்கும் பள்ளிச் சட்டை, எப்போதும் ஒரு அளவு பெரிதாக இருக்கும். வண்ணம் பட்டால் துடைக்கும்போது அந்தச் சட்டையின் கழுத்துப் பட்டியில் 'கவினேஷ்' என்று நூலால் தைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரோ கொடுத்த சட்டை என்று நினைத்திருந்தேன்.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டுச் சுவர் முன்னால் போய் நின்றாள். தன் பூவைக் கண்டுபிடித்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டாள். கண்ணை மூடி, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். பிறகு கரும்பலகைத் தட்டிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடியோ எடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் காலத்துத் தவளைக்கு வாய்கூட வேண்டாம், விரல் போதும். பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் அதைப் போட்டு, இதயம் மூன்றையும் கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்து, "எங்கள் குட்டிப் பக்தை" என்று எழுதினேன். சீன அம்மாக்களும் மலாய் அம்மாக்களும் இதயங்களாக அனுப்பினார்கள். தமிழ் அம்மாக்கள் ஆறு பேரில் ஒருவரும் எதுவும் அனுப்பவில்லை. வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ரொட்டி சாப்பிடும் நேரத்தில் துர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து, சாமிகிட்ட என்ன கேட்ட என்றேன்.

"சாமி இல்ல டீச்சர். என் போட்டோவத்தான் கும்புட்டேன்."

"ஒன் போட்டோவ எதுக்கும்மா கும்புடணும்?"

"பூ போட்டா கும்புடணும் லா. வீட்ல அண்ணன் போட்டோவ டெய்லி கும்புடுவோம்." ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டாள்: "டீச்சர், நா எப்ப செத்தேன்?"

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் இதழ்கள் அசைந்துகொண்டிருந்தன. நீலத் திரைக்கு முன்னால் சிரிக்காத இருபத்திரண்டு முகங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சளும் காவியுமாகப் பூ. எந்தத் தமிழ் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம், யார், எப்போது என்று கேட்போம். நான் ஒரு வகுப்பையே அப்படி மாட்டி வைத்திருந்தேன், என் கையாலேயே, பசை தடவி. 

நீ சாகல கண்ணு, இதோ ரொட்டி சாப்பிடுறியே என்றேன். சரி என்று தலையாட்டினாள். எல்லோர் கைபேசியிலிருந்தும் போகும்படி வீடியோவை அழித்தேன். அழித்தேன் என்பதைக் குழு எல்லோருக்கும் அறிவித்தது.

5

பத்தரை மணிக்கு அவளுடைய அம்மா வந்துவிட்டாள். பெயர் சாந்தி. தோட்டத்தில் செம்பனைக் கன்று வளர்க்கும் இடத்தில் வேலை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதில் சேறு காயாமல் இருந்தது. வாசலிலேயே அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்றாள். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் விசாரிப்பார்கள். திட்டப்போகிறவள் முதலில் இதைக் கேட்டது எனக்குத் திட்டைவிட அதிகமாக வலித்தது.

திட்டவே இல்லை. வரவேற்பறையில் நின்றபடி, தன் மூத்த பையனைப் பற்றி நாலு வரியில் சொன்னாள். கவினேஷ். இந்தத் தாடிகாவில்தான் சேர்த்திருந்தார்கள். சட்டை வாங்கி, பெயர் தைத்து எல்லாம் தயார். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது டிங்கிக் காய்ச்சல், நாலே நாள். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் வந்தது அதற்குப் பிறகு. யாரும் சொல்லவில்லை, நானும் கழுத்துப் பட்டியைப் பார்த்தும் கேட்கவில்லை.

பிறகு வகுப்புக்குள் வந்து சுவர் முன்னால் நின்றாள். தன் மகளை மட்டும் பார்ப்பாள் என்று நினைத்தேன். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தாள்.

"எல்லாம் உசுரோட இருக்கற புள்ளைங்க டீச்சர்" என்றாள்.

நான் துர்ஷினியின் பூவைப் பிய்த்தெடுக்கப் போனேன். சாந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காதீங்க. புள்ள மூஞ்சி கிழிஞ்சிரும்."

உண்மை. விழாதபடி நான்தான் அழுத்தி ஒட்டியிருந்தேனே. பிள்ளைகளை வகுப்பாசிரியை வெளியே விளையாடக் கூட்டிப் போக, நாங்கள் இருவரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து, ஈரத் துணியால் பசையை ஊறவைத்து, இதழ் இதழாக எடுத்தோம். தன் மகளுடையது முடிந்ததும் போய்விடுவாள் என்று எண்ணினேன். அடுத்ததைக் கையில் எடுத்தாள். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இது யாரு புள்ள என்று கேட்டாள். நான் பெயர் சொன்னேன். கிரேப் காகிதத்தின் சாயம் எங்கள் விரலெல்லாம் மஞ்சளாக ஏறியது. மஞ்சள் அரைத்த கை மாதிரி இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. உடனே அந்த நினைப்பைத் துரத்தினேன். அன்று எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

உதிர்ந்த இதழ்களைக் குப்பையில் போடக் கூடாது என்றாள். ஒரு பிளாஸ்டிக் பையில் அமுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டாள். அவள் கணவர் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருபவர்களுக்குப் படகு ஓட்டுகிறவர், ஆற்றில் விட்டுவிடுவாராம். மாலை கழற்றினால் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். எனக்கும் தெரிந்ததுதான்.

6

தலைமை ஆசிரியை மிஸ் ஓங்கிடம் அன்று மாலை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அறுபது வயதுச் சீனப் பெண்மணி, அளந்து பேசுகிறவர். கேட்ட உடனே புரிந்துகொண்டார். பந்தாங், ஆகாத காரியம், எங்களிலும் உண்டு என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நீ இந்தியாவிலிருந்தே வந்தவள், உனக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று கேட்டுவிட்டார். குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.  நாலு வருடமாக மாலை போட்ட ஒரு படத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணைப் பழக்கியவள் நான். பழகிய கண் இப்போது எந்த மாலையையும் பார்ப்பதில்லை. இதை அவருக்கு எந்த மொழியில் சொல்வேன்?

இரண்டாவது முறை பசையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்று, அதுதான் உடல். மெல்லிய தாளில் பிள்ளைகளே வண்ணம் சொட்டவிட்டு, காய்ந்ததும் நடுவில் கொசுவிக் கிளிப்பில் செருகினால் இறக்கை. கிளிப்பின் வாயில் படம். வண்ணத்துப்பூச்சி. எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், எதுவும் கிழியாது. புதிதாகப் படமும் எடுத்தேன், எல்லோரையும் சிரிக்க வைத்து.

அந்த வாரத்திலேயே சாந்தி மறுபடி வந்தாள். சின்னப் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் படத்தை எடுத்தாள். நீலத் திரை, இரண்டு காது, சிரிக்காத முகம். துர்ஷினியின் அதே புருவம்.

"இந்தத் தாடிகாவுக்குன்னு எடுத்த போட்டோ டீச்சர். இதத்தான் பெருசாக்கி வீட்ல மாட்டிருக்கோம். ஒன்னு மிச்சம் இருக்கு." சற்று நிறுத்தினாள். "ஒரு மாசம் இங்க இருக்கட்டும். பூ இல்லாம."

உடனே சரி என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்குப் பூ வைத்த வடு ஆறவில்லை, அதற்குள் இறந்த பிள்ளையை அவர்கள் நடுவில் மாட்டுவதா? வேறொரு அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? இந்த வேலை போனால் இன்னொன்று தேடுவது என்னைப் போன்றவளுக்கு எத்தனை படிவம் என்று எனக்குத்தான் தெரியும். யோசிக்கிறேன் என்றேன். சாந்தி வற்புறுத்தவில்லை. படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் அது என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. கத்தரிக்கோல் எடுக்கத் திறந்தால் பார்ப்பான், பென்சில் எடுக்கத் திறந்தால் பார்ப்பான். மூன்றாம் நாள் துர்ஷினியிடம் கூடுதலாக ஒரு தாள் கொடுத்தேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. பச்சையும் நீலமும் சொட்டவிட்டாள். மேல் மூலையில், குளிர்சாதனக் குழாய்க்குப் பக்கத்தில் அவனை மாட்டினேன்.

மறுநாள் எண்ணிக்கைப் பாடத்தில் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணினார்கள். இருபத்து மூன்று. நாம் இருபத்திரண்டு பேர்தானே என்று ஒருத்தி வாதாடினாள். மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் இருபத்து மூன்று. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். "எங்கண்ணன் லா, லேட்டா வந்தான்" என்று துர்ஷினி சொல்வது கேட்டது. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மிஸ் ஓங் செங் பெங்குக்காக, பெற்றோரின் கல்லறையைச் சுத்தம் செய்ய, ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து சுவரைப் பார்த்தார். அந்தப் பையனின் பெயரைப் பதிவேட்டில் எழுதியவரும், பிறகு கோடு போட்டு அடித்தவரும் அவர்தான்.  நான் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, சாய்ந்திருந்த அந்தக் கிளிப்பை நேராக்கிவிட்டு இறங்கிப் போனார்.

7

மாதம் முடிந்தது. அடுத்த தலைப்பு, வாகனங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வண்ணத்துப்பூச்சிகளை இறக்கினேன். இருபத்திரண்டையும் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பிய பிறகு அவன் மட்டும் மேலே இருந்தான். சாந்தி வருகிறவரை அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

அவளே ஏறி எடுத்தாள். இறக்கையை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் பூட்ஸைப் போடும்போது சொன்னாள்: "வீட்டுப் போட்டோவுக்குப் பூ மாத்தணும் டீச்சர். ஒரு மாசமா மாத்தல. இவன் இங்கதான இருந்தான்."

அவர்கள் மோட்டார் சைக்கிள் போன பிறகு நான் கைபேசியை எடுத்து, அண்ணன் அனுப்பிய நாலாவது படத்தின் அம்புக்குறியை அழுத்தினேன்.

தெளிந்தது. மாலைக்குள் இருந்தது, நான் இங்கே கிளம்பிய அன்று திருச்சி விமான நிலைய வாசலில் எடுத்த படம். அப்பாவும் நானுமாக நின்றது. என்னை வெட்டிவிட்டுப் பெரிதாக்கியிருந்தார்கள். ஆனால் அவர் தோளில் நான் வைத்திருந்த கையை வெட்ட முடியாமல் விட்டிருந்தார்கள். மாலைக்கு அடியில் என் நாலு விரல் தெரிந்தது. நாலு வருடமாக அங்கே பூவுக்குள் நானும் நின்றிருக்கிறேன்.

என்னிடம் அந்தப் படத்தின் மாலையில்லாத பிரதி இருந்தது. தாடிகாவின் அச்சுப்பொறியில் அதை எடுத்து, என் பக்கத்தை வெட்டினேன். உயிரோடிருப்பவளின் விரல் அதில் இருக்கக் கூடாது என்று கத்தரிக்கோலை அங்கேயும் கொண்டு போனேன். வெட்டினால் அப்பாவின் தோளும் சேர்ந்து போகும். கிழிக்காதீங்க என்ற குரல் காதில் கேட்டது. விட்டுவிட்டேன்.

பள்ளி முடிந்து வந்த நிலாவைக் கூட்டிக்கொண்டு பூக்கடைக்குப் போனேன். கோயில் பக்கத்தில் சரசு அக்காவின் கடை. வெள்ளிக்கிழமைகளில் சாமி படத்துக்கு அவரிடம்தான் வாங்குவேன். முழம் போடக் கை நீட்டியவரிடம், இன்றைக்கு மாலையாக வேண்டும் என்றேன். "சாமிக்கா, வீட்டுப் படத்துக்காம்மா?" என்று கேட்டார். அளவு வேறு, கட்டுவது வேறு. 

நிலா கையில் வைத்திருந்த படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "தாத்தாவுக்கு" என்றாள்.

சரசு அக்காவின் கை நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்பம்மா தவறுனாரு?"

"இன்னிக்குத்தான்கா" என்றேன்.